பெட்டியடிக் கல்வி

அயல்நாட்டு வணிகத்தை நடத்தவும், பலரை ஏவி வேலை கொள்ளவும் கற்பிக்கும் மேலாண்மைக் கல்வி இக்காலத்தில் பல்கலைக்கழகங்களில் தனித்துறையாக விளங்குகின்றது. நாட்டுக்கோட்டை நகரத்தாரோ, பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், இக்கலையைக் கடையிலேயே கற்றனர். இலங்கை, பர்மா, மலேயா, சைகோன் ஆகிய இடங்களில் அவர்கள் நிறுவிய வட்டிக்கடைகளே அக்கல்விக்குப் பள்ளிகளாயின.

செட்டிநாட்டுச் சிறுவன் முதலில் எண்சுவடியை மனப்பாடம் செய்வான். முந்திரி, காணி, மா முதலிய கீழ்வாயிலக்கங்கள் நாவில் நிலைத்தபின் அக்கரைக் கடைக்குச் செல்வான். அங்கே அவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். ஏவிய பணிகளைச் செய்வதும், பெரியோர் கடன் கேட்டு வருவோரிடம் பேசுவதை அருகிருந்து கேட்பதுமே அவனுக்குப் பாடம். நாளடைவில் அவன் பேரேடு எழுதி, அடுத்தாளாகி, தகுதி கண்டபின் மேலாளாக உயர்வான்.

மேலாளின் பொறுப்பு எளிதன்று. முதலாளி இருப்பதோ செட்டிநாட்டில். கடிதம் கப்பலில் சென்று மீளப் பல நாட்கள் ஆகும். வந்தவனுக்குப் பணம் கொடுக்கலாமா, கூடாதா என்பதை அவன் முகத்தை நோக்கி அப்பொழுதே துணிய வேண்டியவன் மேலாளே. பெரும்பாலும் மூன்றாண்டு முடிந்ததும் அவன் ஊர் திரும்புவான். வேறொருவன் அவ்விடத்தில் அமர்வான். முன்னவன் எழுதிய கணக்கு பின்னவன் கண்ணுக்குத் தப்புமோ? இதனினும் சிறந்த தணிக்கையைக் காண்பது அரிது.

இரங்கூன் மொகல் தெருவில் கடை நடத்தியோர் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை வரையறுத்தனர். தொழிலில் போட்டியிடுவோர் ஓரிடத்தில் அமர்ந்து ஒரு முடிவுக்கு வருதலும் அங்கே இளைஞர் கண்டு கற்ற பாடமே.

ஆயினும் இக்கல்வியில் ஒரு குறை இருந்தது. பணத்தின் போக்கை நுணுகி அறிந்தவர்கள், அப்பணத்தைப் பெற்ற பர்மிய உழவனின் உள்ளத்தை அவ்வளவு அறிந்திலர். 1930 ஆம் ஆண்டளவில் நெல் விலை வீழ்ந்தது. கடன் அடைக்க இயலாத உழவரின் நிலங்கள் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில், 1930 இல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே நகரத்தாரிடம் இருந்தது. 1938 இல் அது 25 பங்காயிற்று. நிலம் அவர்கள் விரும்பிய பொருளன்று. கொடுத்த பணம் மீள்வதையே அவர்கள் விரும்பினர். நிலம் இழந்தவனுக்கு அவ்வேறுபாடு விளங்குமோ? அவன் மனத்தில் பகைமையே வளர்ந்தது. அப்பகையைத் தணிக்கும் வழி எந்தப் பேரேட்டிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

1942 இல் ஜப்பானியப் படை பர்மாவைக் கைப்பற்றியது. கப்பலில் இடம் கிடைக்காத இந்தியர் பல்லாயிரவர் காட்டுவழியே நடந்து தாயகம் நோக்கினர். மேலாள் என்றும் பெட்டியடிப் பையன் என்றும் வேற்றுமை அவ்வழியில் இல்லை. அவர்கள் விட்டுவந்த நிலங்களை நாட்டுடைமையாக்க, விடுதலை பெற்ற பர்மா 1948 இல் சட்டம் இயற்றியது.