தொண்ணூறு வயதிலும் காலுக்குப் பலம் வரும்

"வயசு போயிருச்சு, பேசாம ஒரு மூலையில இருங்க" என்று வீட்டுப் பெரியவர்களிடம் நாம் அன்பாகத்தான் சொல்கிறோம். ஆனால் இருந்த இடத்திலேயே இருந்தால் தசை மெலியும், கால் தள்ளாடும். லயத்துப் படியில் விழுந்தால் எலும்பு முறிந்து படுக்கைதான்.

அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில் நடந்த ஆய்வு 1990 இல் வெளிவந்தது. 86 முதல் 96 வயது வரையான 10 பேருக்கு, வாரத்தில் 3 நாளாக 8 வாரம், காலால் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். முடித்தவர்கள் 9 பேர். அவர்களின் கால் பலம் சராசரியாக 174 வீதம் கூடியது. இருவர் கைத்தடி இல்லாமலே நடந்தார்கள்!

1994 இல் 100 முதியோரை வைத்துச் செய்த ஆய்வு வந்தது. பயிற்சி செய்தவர்களுக்குப் பலம் இரட்டிப்புக்கு மேலாயிற்று. பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குத் தசைப் பலவீனம் குறையவில்லை. டொனிக் போத்தல் மட்டும் போதாது என்பது இதில் நமக்குள்ள பாடம்.

வீட்டில் செய்யும் முறை:

1. ஆடாத கதிரையைச் சுவரோரம் வையுங்கள்.
2. பெரியவர் எழுந்து நின்று, மெதுவாக உட்காரட்டும். முடிந்தால் கையூன்றாமல் செய்யலாம்.
3. முதலில் 5 தடவை போதும். பிறகு கொஞ்சங் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.
4. பக்கத்தில் ஒருவர் நில்லுங்கள்.

இருதய நோய், பிரஷர் உள்ளவர்கள் முதலில் வைத்தியரிடம் கேட்க வேண்டும். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்துங்கள்.

பீலிவரை தானே போய்வரும் பலம் பெரியவர்களுக்கு இருக்கட்டும். "இருங்க" என்பதை விட்டு, "வாங்க, எந்திரிச்சு நடப்போம்" என்று சொல்வோம்.