குதிகால் வெடிப்பும் மாவடு ஜாடியும்



புதிதாகக் குடித்தனம் தொடங்குபவரின் சமையலறையில் கல்லுப்பும் மஞ்சளும் நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் எப்படியும் இடம்பெற்றுவிடும். அவற்றைக் கொண்டு காலுக்கு மருந்தும் சோற்றுக்குத் தொடுகறியும் செய்துகொள்ளும் முறைகள் தமிழ்நாட்டு வீடுகளில் வாய்மொழியாகவே வந்திருப்பதால், எதைச் செய்வது என்பது தெரிந்தவர்களுக்கும் அதை ஏன் செய்வது என்பது தெரியாமற் போவதுண்டு. காரணம் அறியாதவர் வெடித்த குதிகாலை உப்புநீரில் நெடுநேரம் ஊறவைக்கிறார். ஈரக் கரண்டியை ஊறுகாயில் இடுகிறார். இரண்டிலும் தவறுவது ஒரே கணக்குத்தான்: நீரை எங்கே காப்பது, எங்கே வெளியேற்றுவது என்பது.

உள்ளங்காலில் வியர்வைச் சுரப்பிகள் நிறைந்திருந்தாலும், உடலின் பிற பகுதிகளில் தோலுக்கு மெருகு பூசும் எண்ணெய்ச் சுரப்பிகள் அங்கே இல்லை. ஆகவே குதிகாலின் தடித்த மேல்தோல் தன் ஈரத்தை எளிதில் இழந்து விறைத்துப்போகிறது. நெடுநேரம் நிற்கும்போதும், பின்பக்கம் திறந்த செருப்போடு நடக்கும்போதும் உடல் எடையால் குதிகாலின் கொழுப்புத் திண்டு பக்கவாட்டில் பிதுங்க, நெகிழ்வற்ற அந்தத் தோல் ஓரங்களில் பிளக்கிறது. பித்தவெடிப்பு என்று வீடுகளில் வழங்குவது இதுவே. உப்பு நீரை ஈர்ப்பது. எனவே உப்புநீர் ஊறல் உலர்ந்த தோலை மேலும் உலர்த்தும். எலுமிச்சைச் சாறு பிளவுக்குள் எரிச்சலை உண்டாக்கும். வெதுவெதுப்பான வெறும் நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் காலை வைத்து, கால் தேய்க்கும் கல்லால் தடித்த தோலை மென்மையாகத் தேய்த்து, ஒற்றித் துடைத்தபின், ஈரப்பதம் ஆறுவதற்குள் விளக்கெண்ணெயோ வாசலினோ தடவிப் பருத்திக் காலுறை அணிந்து உறங்குவதே பயன்தரும் முறை. இங்கே எண்ணெய் ஈரத்தைக் கொடுப்பதில்லை, உள்ளே புகுந்த நீர் வெளியேறாமல் அடைக்கிறது. அதனால்தான் காய்ந்த காலில் தடவும் எண்ணெய் பெரிதாக உதவுவதில்லை. வெடிப்பு மிகத் தடித்திருந்தால், நீரை ஈர்த்து வைத்துத் தோலை இளக்கும் யூரியா கலந்த களிம்பு மருந்துக் கடைகளில் கிடைக்கும்.

விரலிடுக்கில் இந்தக் கணக்கு தலைகீழாகும். வயல்வேலை செய்வோருக்கும், மழைக்காலத்தில் நனைந்த காலணியோடு இருப்போருக்கும் வரும் சேற்றுப்புண், ஈரம் தங்கிய இடுக்கில் பூஞ்சை வளர்வதால் பெரும்பாலும் உண்டாகிறது. அங்கே எண்ணெய் தடவுவது பூஞ்சைக்கு ஈரத்தைக் காத்துக்கொடுப்பதாகவே முடியும். கழுவி, இடுக்கு இடுக்காகத் துடைத்து, காற்றாட விட்டு, பூஞ்சைக்கொல்லிக் களிம்பை முறையாகப் பூச வேண்டும். மருதாணியை அரைத்துப் பற்றிடும் வழக்கத்துக்கும் அடிப்படை உண்டு. அதன் இலையிலுள்ள லாசோன் என்னும் நிறப்பொருள் பூஞ்சையை எதிர்ப்பது ஆய்வகச் சோதனைகளில் காணப்பட்டிருக்கிறது. யானைக்கால் நோயால் கால் வீங்கியவர்களுக்கும் நாள்தோறும் சோப்பிட்டுக் கழுவி ஈரமின்றித் துடைப்பதுதான் முதன்மையான பராமரிப்பு.

கால் ஆணியை பிளேடால் அறுப்பதும், தோலை அரிக்கக்கூடிய எருக்கம்பாலை அதன்மேல் விடுவதும் கூடவே கூடாது. நீரிழிவு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இவை பற்றிய கவனம் பல மடங்கு தேவை. உணர்ச்சி மங்கிய அவர்கள் காலுக்கு நீரின் சூடும் முள்ளின் குத்தும் தெரியாமற் போகலாம். ஆகவே நீரின் சூட்டை வேறொருவர் தொட்டுப் பார்ப்பதும், இரவில் அவர்களின் உள்ளங்காலை விளக்கொளியில் பார்ப்பதும், சிறு புண்ணையும் உடனே மருத்துவரிடம் காட்டுவதும் வீட்டாரின் கடமை.

இனித் தொடுகறி. காலில் தவிர்க்கச் சொன்ன உப்பே ஊறுகாயில் தலைமை ஏற்கிறது. மாசி, பங்குனியில் வரும் வடுமாங்காயைக் கழுவித் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தி, குதிகாலுக்கு ஆன அதே விளக்கெண்ணெயைச் சிறிது பிசிறி, ஒரு கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் வரை கல்லுப்புச் சேர்த்துப் பீங்கான் ஜாடியில் இட்டு நாளுக்கு இருமுறை குலுக்கிவர, இரண்டு மூன்று நாளில் வடு தன் நீரை விட்டுச் சுருங்கும். செறிவு குறைந்த பக்கத்திலிருந்து செறிவு மிகுந்த பக்கத்துக்கு மென்சவ்வு வழியே நீர் நகரும் இந்நிகழ்வைச் சவ்வூடு பரவல் என்பர். அந்த உப்புநீரிலேயே மிளகாய், கடுகு, மஞ்சள் ஆகியவற்றை அரைத்துச் சேர்ப்பதே மாவடுவின் சுவைக்கு அடிப்படை; பச்சைத் தண்ணீர் ஒரு கரண்டி சேர்ந்தாலும் அது கெடும். நுண்ணுயிர்கள் வளரத் தேவையான நீர் உப்போடு பிணைந்துவிட்டதாலும், காயின் புளிப்பு துணைநிற்பதாலும் வடு மாதக்கணக்கில் நிற்கிறது. ஈரக் கரண்டி இந்தக் கட்டைத்தான் உடைக்கிறது.

எண்ணெய் மட்டும் காக்கும் என்று நம்புவது பிழை, ஆபத்தும்கூட. புளிப்பில்லாத பூண்டை எண்ணெயில் மூழ்கடித்து வெளியில் வைத்தால், காற்றில்லா இடத்தில் வளர்ந்து கொடிய நஞ்சைச் சுரக்கும் பாட்டுலினம் என்னும் நுண்ணுயிர் பெருக வாய்ப்புண்டு. அமிலநிலை எண் (pH) 4.6-க்குக் கீழே அது வளராது. எனவே பூண்டு ஊறுகாய்க்குப் புளியோ எலுமிச்சையோ தாராளமாக வேண்டும்.

பருப்பு, எள், கறிவேப்பிலை ஆகியவற்றின் பொடிகளில் உப்பின் வேலையை வாணலி செய்கிறது. மிதமான தீயில் உள்வரை ஈரம் போக வறுத்து, முற்றும் ஆறியபின் அரைத்து, உலர்ந்த புட்டியில் இட்டால் வாரக்கணக்கில் மணம் மாறாது. சூட்டோடு மூடினால் ஆவி படிந்து கட்டிதட்டும்.

உலக நலவாழ்வு அமைப்பு வளர்ந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே பரிந்துரைப்பதால், இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஊறுகாயை நாள்தோறும் பரிமாறுவது தகாது. அவர்களுக்கு உப்புக் குறைத்து அரைத்த துவையலே ஏற்றது. பிரண்டைத் துவையலுக்கு, கைகளில் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு இளந்தண்டின் நாரை உரித்து, அதே எண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரைத்தால் அதன் அரிப்பு அடங்கும். துவையலில் நீரும் நிற்கிறது, உப்பும் குறைவு. ஆகையால் அன்று அரைத்ததை அன்றே உண்டு முடிக்க வேண்டும்.