பழைய மடிக் கிற்றாரின் காலத்தைத் துணிதல்

பழைய இசைக்கருவியொன்றின் வயதை அதன் நிறமோ உரிமையாளரின் வாய்மொழியோ நிறுவமாட்டா. அதன் உறுப்புக்களே சான்று பகரும். மடியிற் கிடத்தி, தந்திகளின்மேல் உருக்குத் துண்டை வழுக்கி இசைக்கும் மின்சாரக் கிற்றாரைக் கொண்டு இவ்வுண்மையை ஆராய்வாம்.

1932இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து வெளிவந்த அலுமினிய வார்ப்புக் கருவி, தன் வடிவினால் ‘பொரிக்கும் தாச்சி’ என்று பெயர் பெற்றது. முதலில் வந்தவற்றின் தலைத்தகட்டில் ‘எலெக்ட்ரோ’ என்ற பெயரே உண்டு. றிக்கன்பாக்கர் என்பது பின்னர்ச் சேர்ந்தது. தந்திகளைச் சூழும் இலாட காந்தத்தின் அகலம் இரண்டாம் உலகப் போருக்கு முன் 1½ அங்குலம். போருக்குப் பின் 1¼ அங்குலம்.

பிற நிறுவனங்களின் பிற்காலக் கருவிகளில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் கீழுள்ள மின்தடை உறுப்பை நோக்குதல் வேண்டும். அதில் 304 6218 எனப் பொறித்திருப்பின், 304 உறுப்பைச் செய்தோரையும், 62 என்பது 1962ஆம் ஆண்டையும், 18 அவ்வாண்டின் வாரத்தையும் குறிக்கும். எனினும் இஃது உறுப்பின் பிறப்பேயன்றிக் கருவியின் பிறப்பன்று. கருவி அதற்கு முந்தியதன்று என்பதே பெறப்படும். ஈயப்பற்றுக் கலைந்திருப்பின், உறுப்புப் பின்னாளில் மாற்றப்பட்டிருக்கலாம். அப்போது அம்முடிபும் நில்லாது.

ஆதலின் ஒரு சான்றால் துணியாது, பல சான்றுகளும் ஒத்துவரக் காண்போமாக. பழுதுபார்ப்போர் கழற்றிய பழைய உறுப்பைக் கருவியுடனே பேணுக. எறிந்துவிட்ட சிறு துண்டோடு அதன் வரலாறும் போய்விடும்.