நிலம் வாங்கின கைதி

அன்பு மகனுக்கு, சித்தப்பா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. உன் அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ், உனக்கும் வேலை போய்விட்டது. இந்த நேரத்தில் சபையில் பார்ப்பவரெல்லாம் ‘எல்லாம் கர்த்தர் கையில் இருக்கிறது’ என்று சொல்வது ஆறுதலாக இல்லை, எரிச்சலாகத்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அந்த எரிச்சலை நான் அவிசுவாசம் என்று சொல்லமாட்டேன். அப்படிச் சொல்கிறவர்களில் பலர், ‘சீக்கிரம் எல்லாம் சரியாகிவிடும்’ என்பதைத்தான் அந்த வார்த்தைகளில் சொல்கிறார்கள். சீக்கிரம் சரியாகாமல் போனால், பொய்த்தது அவர்கள் போட்ட நாள்கணக்கா, கர்த்தருடைய ஆளுகையா என்று நமக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிவதில்லை. வேதம் இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது.

எரேமியா 28, 29 அதிகாரங்களைச் சேர்த்து வாசி. கி.மு. 597இல் நேபுகாத்நேச்சார் எருசலேமின் ராஜாவையும் ஆயிரக்கணக்கான ஜனங்களையும் பாபிலோனுக்குச் சிறைப்பிடித்துப் போனான். சில வருஷம் கழித்து அனனியா என்ற தீர்க்கதரிசி ஆலயத்தில் எழுந்து, இன்னும் இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்றான். பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக எரேமியாவின் கழுத்தில் கிடந்த நுகத்தை எடுத்து உடைத்தும் காட்டினான். கேட்டவர்களுக்கு எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியா பாபிலோனுக்கு அனுப்பிய கடிதமோ எழுபது வருஷம் என்றது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபியுங்கள் என்றது. புத்தாண்டு ஆராதனையில் நாம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி வருகிற 29:11 இந்தக் கடிதத்தில் உள்ளதுதான். அதற்கு முந்தின வசனத்தில் அந்த எழுபது வருஷம் இருக்கிறது. அட்டையில் அது வருவதில்லை. அனனியா, எரேமியா இருவருமே கர்த்தர் ஆளுகிறார் என்றுதான் சொன்னார்கள். காலத்தைக் குறைத்துச் சொன்னவன் பொய்யனானான். நீட்டிச் சொன்னவரே மெய்யான தீர்க்கதரிசி.

அடுத்து 32ஆம் அதிகாரம். கி.மு. 587 அளவில் பாபிலோன் சேனை எருசலேமை வளைத்துக்கொண்டு மண்மேடு போட்டிருக்கிறது. நகரம் விழும் என்று சொன்னதற்காக எரேமியாவைச் சிதேக்கியா ராஜா காவற்சாலையின் முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறான். அங்கே அவருடைய பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, ஆனதோத்தில் இருக்கும் தன் நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு வடகிழக்கே நாலைந்து கிலோமீட்டரில் உள்ள ஊர். மதிலுக்கு வெளியே எதிரியின் சேனை நிற்கும்போது அந்த நிலத்தை யார் வாங்குவார்? இது கர்த்தருடைய வார்த்தை என்று அறிந்து எரேமியா வாங்கினார். 17 சேக்கல் வெள்ளியை, நம் கணக்கில் சுமார் 200 கிராம், தராசில் நிறுத்துக் கொடுத்தார். கிரயப் பத்திரம் எழுதி, சாட்சிகளை வைத்து, முத்திரை போட்டது ஒன்றும் திறந்தது ஒன்றுமாக இரண்டு பத்திரங்களையும் தம் எழுத்தரான பாருக்கிடம் கொடுத்து, நெடுங்காலம் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைக்கச் சொன்னார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ஜெபத்தில் கேட்கிறார்: மண்மேடுகள் நகரத்தை எட்டிவிட்டனவே, இப்போது போய் நிலம் வாங்கச் சொன்னீரே? குழப்பம் தீர்ந்த பிறகு பணம் கொடுக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. கர்த்தருடைய ஆளுகையை நம்புவது என்று நான் சொல்வது இதைத்தான்: முடிவு தெரியாமலே, இன்றைக்குச் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்வது.

‘எல்லாம் அவர் கையில் என்றால் நான் ஏன் ஆஸ்பத்திரிக்கும் இன்டர்வியூவுக்கும் அலைய வேண்டும்?’ என்று கேட்பாய். தலையெழுத்தை நம்புகிறவன் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம். எரேமியா கர்த்தரை நம்பினவர். அதனால்தான் தராசையும் சாட்சியையும் முத்திரையையும் விடவில்லை. ஆலயத்தின் உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று பிசாசு சொன்னபோது இயேசு குதிக்கவில்லை. அது தேவனைப் பரீட்சை பார்ப்பது என்றார். மருந்தை நிறுத்திவிட்டு ஜெபத்தை மட்டும் நம்புங்கள் என்று யாராவது வீட்டுக்கு வந்து சொன்னால், இதையே பதிலாகச் சொல். மிஷனரி மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் வேலூரில் ஒரே கட்டிலோடு வைத்தியம் பார்க்கத் தொடங்கி, 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியும் ஏற்படுத்தினார். கர்த்தர் மேல் இருந்த நம்பிக்கைதான் அவரை அந்த வேலைக்கு அனுப்பியது.

‘அப்படியானால் இந்த நோயைக் கொடுத்ததும் அவர்தானா, எந்தப் பாவத்துக்கு?’ என்பது அடுத்த கேள்வி. பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் இதையே கேட்டார்கள். இவன் பாவமும் இல்லை, பெற்றவர்கள் பாவமும் இல்லை என்றார் இயேசு. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்றார். யோபுக்குக் காரணம் கண்டுபிடித்துச் சொன்ன சிநேகிதர்களைத்தான் கர்த்தர் கடிந்துகொண்டார். யோசேப்பும் தன்னை விற்ற அண்ணன்மார் செய்தது தீமை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான், தேவன் அதை நன்மையாக முடித்தார் என்றான். கெட்டதை நல்லது என்று சொல்ல உனக்குக் கட்டாயம் இல்லை. 88ஆம் சங்கீதம் புலம்பலாகத் தொடங்கி இருளிலேயே முடிகிறது, அதுவும் ஜெபந்தான்.

இவற்றைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு: ஜெபித்தும் பிழைக்காதவர்கள்? அப்போஸ்தலர் 12இல் ஏரோது யாக்கோபைப் பட்டயத்தால் வெட்டுகிறான். அதே அதிகாரத்தில் பேதுருவைத் தூதன் சிறையிலிருந்து அழைத்து வருகிறான். ஏன் இந்த வித்தியாசம் என்று லூக்கா ஒரு வரியும் எழுதவில்லை, நானும் எழுதப்போவதில்லை. எபிரெயர் 11இல் பட்டயத்துக்குத் தப்பினவர்களும் பட்டயத்தால் செத்தவர்களும் விசுவாசிகளின் ஒரே பட்டியலில் இருக்கிறார்கள். ஆகவே, கிடைத்த பலனை வைத்து யாருடைய விசுவாசத்தையும் அளக்க முடியாது. எரேமியாவும் அந்த நிலத்தை அனுபவித்ததாக வேதத்தில் இல்லை. ஜனங்கள் அவரை எகிப்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஆனால் கி.மு. 538இல் பெர்சிய ராஜா கோரேஸ் கட்டளையிட்டபின் திரும்பி வந்தவர்களின் கணக்கை எஸ்றா 2ஆம் அதிகாரத்தில் பார்: ஆனதோத்தின் மனிதர் 128 பேர். ஜனங்கள் திரும்பி வருவார்கள் என்று கர்த்தர் சொன்னது நடந்தது. எரேமியா கண்ணால் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே மகனே, அப்பா எப்போது குணமாவார் என்று தேதி சொல்கிறவர்கள் பேச்சை, அது நானாகவே இருந்தாலும், நம்பாதே. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வேலையை இந்த வாரமே முடி. டயாலிசிஸுக்கு யார் எந்த நாள் துணைக்குப் போவது என்று உன் தங்கையோடு உட்கார்ந்து எழுதி வை. அம்மாவுக்கு ஒரு நாளாவது ஓய்வு கிடைக்கட்டும். கிடைக்கிற வேலை உன் படிப்புக்குக் குறைவாக இருந்தாலும் இப்போதைக்குச் சேர்ந்துகொள். ராத்திரி அப்பாவோடு ஒரு சங்கீதம் வாசி. மனதில் இருக்கிற கேள்வியை ஊராரிடம் கேட்டு நோகாமல் கர்த்தரிடமே கேள். எரேமியாவும் அவரிடந்தான் கேட்டார்.

உனக்காக ஜெபிக்கும்,
சித்தப்பா