விரைவு டெலிவரிக்கு ஆண்டுச் சந்தா: கட்டலாமா, வேண்டாமா?



நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு உதவித்தொகை விண்ணப்பம் நிரப்ப வருகிறவர்கள் கூடவே இன்னொரு கேள்வியும் கேட்கிறார்கள். “போனில் அடிக்கடி சாமான் வாங்குகிறோம். டெலிவரி சார்ஜ் இல்லாமல், சீக்கிரமாக வர மெம்பர்ஷிப் எடுக்கச் சொல்கிறது. எடுக்கலாமா?” வீட்டுச் செலவைத் திட்டமிடுவது பற்றி நாம் எழுதிவரும் பாடங்களில் இந்த மாதம் இதையே எடுத்துக்கொள்கிறோம். சந்தா நல்லதா கெட்டதா என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் விடை வேறு. ஆனால் விடையைக் கண்டுபிடிக்கும் கணக்கு எல்லா வீட்டுக்கும் ஒன்றுதான்.

சந்தா வந்த வழி

இந்த முறையைப் பெரிய அளவில் தொடங்கியது அமேசான். 2005 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஆண்டுக்கு 79 டாலருக்கு ‘பிரைம்’ வந்தது. அங்கே இப்போது அது 139 டாலர். இந்தியாவில் 2016 ஜூலையில் அறிமுகச் சலுகையாக ஆண்டுக்கு ரூ.499-க்குக் கிடைத்தது. பிறகு ரூ.999 ஆனது. 2021 டிசம்பரில் ரூ.1,499 ஆனது. ஐந்தரை ஆண்டுக்குள் மூன்று மடங்கு. மாதச் சந்தா 2023 ஏப்ரலில் ரூ.299 ஆனது. மாதாமாதம் கட்டிக்கொண்டே போனால் ஆண்டுக்கு ரூ.3,588 ஆகிவிடும், பலர் இதைக் கூட்டிப் பார்ப்பதில்லை.

சின்னச் சந்தாக்களும் உண்டு. 2023-இல் வந்த ‘பிரைம் லைட்’ ரூ.999-இல் தொடங்கிப் பின்னர் ரூ.799 ஆனது. படம், பாட்டு எதுவும் இல்லாமல் டெலிவரி, தள்ளுபடி வசதிகளுக்கு மட்டும் ரூ.399-க்கு ‘ஷாப்பிங் எடிஷன்’ 2024-இல் வந்தது. ஃபிளிப்கார்ட் 2018 ஆகஸ்டில் தொடங்கிய ‘பிளஸ்’ திட்டத்துக்குக் கட்டணமே இல்லை. பொருள் வாங்க வாங்கச் சேரும் காயின்களை வைத்தே உறுப்பினர் ஆகலாம் என்றார்கள். பணம் கேட்காத திட்டமும் ‘இன்னும் கொஞ்சம் வாங்கு’ என்றுதான் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள்.

‘அடிக்கடி’ என்பது எத்தனை தடவை?

“நாங்கள் மாதம் நாலைந்து தடவை வாங்குகிறோம், எங்களுக்கு லாபம்தானே?” என்று கேட்கிறார்கள். எத்தனை தடவை என்பது மட்டும் போதாது. சந்தா இல்லாதவர்களுக்கும் ரூ.499-க்கு மேற்பட்ட பெரும்பாலான ஆர்டர்கள் டெலிவரி கட்டணம் இல்லாமலே வருகின்றன. அதற்குக் கீழே உள்ள சின்ன ஆர்டருக்குத்தான் ரூ.40 போலக் கட்டணம். ஆகவே நாம் எண்ண வேண்டியது சின்ன ஆர்டர்களை மட்டும். அதிலும், வேறொரு ஆர்டரோடு சேர்த்து வாங்க முடியாத சின்ன ஆர்டர்களை மட்டும்.

ரூ.40 என்று வைத்துக்கொண்டால் சந்தாப் பணம் திரும்ப இத்தனை சின்ன ஆர்டர்கள் வேண்டும்:

ரூ.399 சந்தாவுக்கு ஆண்டில் 10.
ரூ.799 சந்தாவுக்கு ஆண்டில் 20.
ரூ.1,499 சந்தாவுக்கு ஆண்டில் 38.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு குடும்பம் மாதம் நான்கு ஆர்டர் போடுகிறது, ஆண்டுக்கு 48. அதில் 20 ஆர்டர் ரூ.499-க்கு மேல். அவை எப்படியும் இலவசமாக வரும். மீதி 28. ஒரு சீட்டில் எழுதிவைத்து மாதம் இரண்டு தடவை மட்டும் வாங்கினால் அந்த 28-இல் பாதியைச் சேர்த்துவிடலாம். மிஞ்சுவது 14. டெலிவரிச் செலவு ரூ.560. இந்தக் குடும்பத்துக்கு ரூ.399 சந்தா ரூ.161 மிச்சம் தரும். ரூ.799 சந்தா ரூ.239 நஷ்டம். ரூ.1,499 சந்தா ரூ.939 நஷ்டம். எதையுமே சேர்க்காமல் 28 ஆர்டரையும் தனித்தனியாகப் போட்டாலும் டெலிவரிக்கு ரூ.1,120-தான் ஆகிறது, பெரிய சந்தா அப்போதும் கட்டுப்படியாகவில்லை.

‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். ரூ.90 பொருளுக்கு ரூ.40 கட்டணம் கட்டுவதும் அதுதான். ஆனால் அந்தச் சுமைகூலியை ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே கட்டிவிட்டு மறந்துபோவதும் அதே பழமொழிக்குள் அடங்கும்.

இன்னொரு கண்ணியும் உண்டு. ரூ.350-க்கு ஒரு பொருள் தேவை. ரூ.40 கட்டணம் வேண்டாம் என்று தேவையில்லாத இன்னொரு ரூ.150 பொருளைச் சேர்க்கிறோம். நாற்பதை மிச்சம் பிடிக்க நூற்றைம்பதைச் செலவழித்திருக்கிறோம். அடுத்த மாதம் எப்படியும் வாங்கப்போகிற சோப்பு, எண்ணெய் என்றால் சேர்க்கலாம். இல்லாவிட்டால் நாற்பதைக் கட்டுவதே மேல்.

நம் ஊரில் ‘விரைவு’ எவ்வளவு விரைவு?

‘இன்றே வரும்’, ‘நாளையே வரும்’ என்பது எல்லா ஊருக்கும் சொல்வதல்ல. பொருளையும் பின்கோடையும் பொறுத்தது. சென்னையில் இருக்கும் உறவினருக்குக் காலையில் போட்டது மாலையில் வந்துவிடலாம். அடி அண்ணாமலைக்கு அதே வேகம் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சந்தா இரண்டு இடத்துக்கும் ஒரே விலைதான்.

இதற்குச் சோதனை எளிது. நீங்கள் வழக்கமாக வாங்கும் ஐந்து பொருள்களை எடுங்கள். ஒவ்வொன்றின் கீழும் நம் பின்கோடு போட்டால் உறுப்பினருக்கு எந்தத் தேதி, மற்றவருக்கு எந்தத் தேதி என்று காட்டும். எழுதி வையுங்கள். வித்தியாசம் ஒருநாள் என்றால், அந்த ஒருநாள் உங்கள் வீட்டுக்கு எவ்வளவு பெறும் என்று யோசியுங்கள்.

நாம் இருப்பது கிரிவலப் பாதை. பௌர்ணமி தோறும் போக்குவரத்து மாற்றம் உண்டு. கார்த்திகை தீபத்தின்போது ஊருக்கு வெளியிலேயே வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். டெலிவரித் தம்பியும் அந்தக் கூட்டத்துக்குள்தான் வர வேண்டும். அந்த நாட்களில் எந்தச் சந்தாவும் வண்டியைப் பறக்க வைக்காது. அவசரப் பொருளை முன்கூட்டியே வாங்குவதே வழி.

டவுன் கடைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2021 முதல் சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தேரடி வீதி வரை போய்வர வீட்டுப் பெண்களுக்குப் பஸ் செலவு இல்லை. அரைநாள் நேரம்தான் செலவு. துணியைத் தொட்டுப் பார்க்கலாம், செருப்பைப் போட்டுப் பார்க்கலாம், திருப்பி அனுப்பும் வேலை இல்லை.

பணம் கட்டிய பிறகு

சந்தாவின் பெரிய செலவு சந்தாத் தொகையில் இல்லை. ‘காசு கட்டிவிட்டோமே, பயன்படுத்தாமல் விட்டால் வீண்தானே’ என்ற எண்ணத்தில் இருக்கிறது. கல்யாண மண்டபத்துக்கு வாடகை கட்டியாயிற்று என்பதற்காக இன்னும் நூறு பேரை அழைப்பது போன்றது இது. டெலிவரி இலவசம் என்றவுடன் ‘சேர்த்து வாங்குவோம்’ என்ற பழக்கம் போய்விடும். நினைத்தவுடன் ஒரு ஹேர் கிளிப், ஒரு போன் கவர். ஒவ்வொன்றும் நூறு, நூற்றைம்பதுதான். மாதக் கடைசியில் கூட்டினால் பால் கணக்குக்கு வைத்த பணம் காணாமல் போயிருக்கும். நிறுவனங்கள் டெலிவரியை இலவசமாகத் தருவதற்கு ஒரு காரணம், உறுப்பினர் வேறு கடைக்குப் போகமாட்டார் என்பது.

நம் மார்க்கம் வீண்விரயத்தைக் கண்டிக்கிறது, கஞ்சத்தனத்தையும் விரும்பவில்லை. தேவைக்கு வாங்குவதை யாரும் குறை சொல்லவில்லை. தேவையை நாம் முடிவு செய்கிறோமா, சந்தா முடிவு செய்கிறதா என்பதே கேள்வி.

மற்றச் சலுகைகளையும் பிரித்துப் பாருங்கள். ரூ.1,499-இல் வீடியோவும் அடக்கம். 2025 ஜூன் முதல் அதில் விளம்பரமும் வருகிறது. விளம்பரம் வேண்டாம் என்றால் தனியாகப் பணம். வீட்டில் யாரும் பார்ப்பதில்லை என்றால் பார்க்காத ஒன்றுக்குச் சேர்த்துக் கட்டுகிறோம். அமேசானோடு இணைந்த ஐசிஐசிஐ கிரெடிட் கார்டில் பிரைம் உறுப்பினருக்கு 5 சதவீதம், மற்றவருக்கு 3 சதவீதம் திரும்பக் கிடைக்கும் என்கிறார்கள். அந்த 2 சதவீத வித்தியாசத்தில் ரூ.1,499-ஐ மீட்க ஆண்டுக்கு ஏறக்குறைய ரூ.75,000-க்குப் பொருள் வாங்க வேண்டும். ஒரு மாதம் பில்லை முழுவதும் கட்டத் தவறினால் வட்டி வந்துவிடும். வட்டியிலிருந்து விலகி நிற்க நினைக்கும் குடும்பம் இந்த இரண்டு சதவீதத்துக்காக அந்த வாசலுக்குப் போக வேண்டியதில்லை.

யாருக்குப் பயன்படும்?

சந்தா வேண்டவே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சிலருக்கு உண்மையிலேயே உதவும்.

வீட்டில் தையல் வேலை செய்யும் சகோதரிக்கு ஜிப், லைனிங், பட்டன் என்று அடிக்கடி சின்னச் சின்னச் சாமான் வேண்டும். நாள் தள்ளினால் வாடிக்கையாளர் கோபிப்பார். அவருக்கு அது தொழில் செலவு. வெளியே போக இயலாத முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் தாய்மார்கள் ஆகியோருக்குக் கடைக்குப் போகிற ஆட்டோ வாடகையே ரூ.40-ஐத் தாண்டும். இப்படிப்பட்டவர்கள் தயங்க வேண்டியதில்லை. ஆனாலும் முதலில் சின்னச் சந்தாவைப் பாருங்கள். சில மொபைல் ரீசார்ஜ் திட்டங்களோடு இது சேர்ந்தே வருகிறது, அதையும் பாருங்கள். ஒரே வீட்டில் மூன்று போனில் மூன்று சந்தா ஓடுவதும் உண்டு. ஒரு வீட்டுக்கு ஒன்று போதும்.

பெருநாளுக்கு மட்டும் நிறைய வாங்குகிறவர்கள் அந்த ஒரு மாதத்துக்கு ரூ.299 கட்டலாமா என்று கேட்கலாம். அந்த மாதம் எட்டுச் சின்ன ஆர்டர் இருந்தால்தான் கட்டுப்படியாகும். கட்டினால் அன்றைக்கே தானாகப் புதுப்பிப்பதை நிறுத்திவிடுங்கள்.

தானாகப் போகும் பணம்

நம்மிடம் வந்த ஒரு சகோதரி, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கணக்கில் பணம் சேர்த்து வைத்திருந்தார். கட்டப் போன அன்று ஆயிரத்துச் சொச்சம் குறைந்தது. முந்திய ஆண்டு மகன் ‘இலவசமாகப் பார்க்கலாம்’ என்று தொட்ட ஒரு சந்தா, தானாகப் புதுப்பித்துக்கொண்டு பணத்தை எடுத்திருந்தது. கடைசி நாள் அது. பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிக் கட்டினார். வசதியான வீட்டில் இது மறந்துபோகிற தொகை. மாதச் சம்பளத்தை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் வீட்டில் ஒரு பிள்ளையின் சேர்க்கையே தடைபடக் கூடும்.

இதில் சட்டம் நமக்குத் துணையாக இருக்கிறது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2021 அக்டோபர் முதல், தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும். ஆனால் ரூ.15,000 வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்க வேண்டியதில்லை. ஆகவே அந்த ஒரு எஸ்எம்எஸ்தான் எச்சரிக்கை. விளம்பரம் என்று அழித்துவிடாதீர்கள்.

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டுதல்கள், ஏமாற்று வடிவமைப்புகள் 13-ஐப் பட்டியலிட்டுத் தடை செய்துள்ளன. சேர்வதை எளிதாக்கி விலகுவதைச் சிக்கலாக்கும் ‘சந்தாப் பொறி’ அவற்றில் ஒன்று. நமக்குத் தெரியாமல் கூடையில் பொருளைச் சேர்ப்பதும், ‘இன்னும் ஐந்து நிமிடம்தான்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் அப்படியே. அமெரிக்காவிலும், ஒப்புதல் பெறாமல் பிரைமில் சேர்த்ததாகவும் விலகுவதைக் கடினமாக்கியதாகவும் அரசின் வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கில், 2025 செப்டம்பரில் அமேசான் 250 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அதில் 150 கோடி வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தருவதற்கானது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

1. ஆப்பில் ‘என் ஆர்டர்கள்’ பகுதிக்குப் போய்க் கடந்த 12 மாதப் பட்டியலைப் பாருங்கள்.

2. ரூ.499-க்குக் குறைந்தவற்றை மட்டும் எண்ணுங்கள். சேர்த்து வாங்கியிருக்கக் கூடியவற்றைக் கழியுங்கள். இப்போது பயன்படாமல் மூலையில் கிடப்பவற்றையும் கழியுங்கள்.

3. மிஞ்சிய எண்ணை உங்கள் பில்லில் உள்ள டெலிவரிக் கட்டணத்தால் பெருக்குங்கள். வரும் தொகை சந்தாவைவிட அதிகமானால் மட்டும் சந்தா.

4. யுபிஐ ஆப்பில் ‘ஆட்டோபே’ பகுதியைத் திறந்து, எதெதற்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று பாருங்கள். வேண்டாததை நிறுத்துங்கள். சந்தாவை அந்தந்த ஆப்பிலும் ரத்து செய்யுங்கள்.

5. பிள்ளைகள் கையில் இருக்கும் போனில், குடும்பச் சேமிப்புக் கணக்கை இணைக்காதீர்கள். உதவித்தொகையும் கல்விக் கட்டணமும் உள்ள கணக்கு தனியாக இருக்கட்டும்.

6. கேட்காமல் பணம் போனால் முதலில் நிறுவனத்திடம் எழுத்தில் புகார் செய்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது.

கணக்குப் போடத் தெரியவில்லை, ஆப்பில் எங்கே நிறுத்துவது என்று புரியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். போனோடு அலுவலகத்துக்கு வாருங்கள். உட்கார்ந்து பார்த்துத் தருகிறோம். உங்கள் ரகசிய எண்ணையோ ஓடிபியையோ நாம் உட்பட யாரிடமும் சொல்ல வேண்டாம். ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் மிச்சமானால் அது ஒரு பிள்ளையின் நோட்டுப் புத்தகச் செலவு. அதை எங்கே செலவழிப்பது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். அல்லாஹ் நம் சம்பாத்தியத்தில் பரக்கத் செய்வானாக.

— செயலாளர்