இளம் தாவர ஓவியருக்கு: பூக்காத விதைத் தாவரங்கள் குறித்து



விதை மூடாத் தாவரங்களில் பூ இல்லை; சூலைப் பொதிந்து வைக்கும் சூற்பையும் இல்லை. செதிலின் மேலோ காம்பின் நுனியிலோ சூல் வெளிப்படையாக இருக்கிறது. அதன் வாயில் கசியும் சிறு துளியில் மகரந்தத் துகள் நேராக வந்து ஒட்டிக்கொள்கிறது. சூற்பை இல்லாததால் கனியும் கிடையாது. ஜின்கோ விதையைச் சுற்றியுள்ள சதை விதையுறையின் வெளியடுக்கு. ஜூனிபரில் பழமாகத் தெரிவது சதைப்பற்றேறிய கூம்புச் செதில்கள். இவற்றுக்குக் கனி என்று பெயரிட்ட படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தவறான படமே.

உலகில் இன்று இவ்வகையில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ ஆயிரம் இனங்கள்தான். சைகஸ் வகை, ஜின்கோ, கூம்பு மரங்கள், நீட்டம் வகை என நான்கு கூட்டங்கள். வரையப் பழகுவதற்குச் சைகஸை விடச் சிறந்த ஆசிரியர் இல்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் சைகஸ் சர்சினாலிஸ், கேரளத்தில் ஈந்து எனப்படுவது, தொலைவில் பனைக் குடும்பத்து மரமாகவே தோன்றும். அருகில் சென்றால் இளஞ்சிற்றிலைகள் பெரணியைப் போலச் சுருண்டு விரிவது தெரியும். ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஆண் மரத்தின் உச்சியில் பெரிய கூம்பு எழும். பெண் மரத்தில் கூம்பே இல்லை. பழுப்பு நிறத் தூவி போர்த்த இலை போன்ற உறுப்புகளின் ஓரங்களில் சூல்கள் வரிசையாக நிற்கும். ஆகவே ஒரு மரத்தை மட்டும் வரைந்தால் பாதி இனத்தை வரைந்ததாகவே ஆகும். மண்ணின் மேற்பரப்பை நோக்கி வளரும் பவளவேர்களுக்கும் படத்தில் இடம் வேண்டும். அவற்றுக்குள் வாழும் நீலப்பச்சைப் பாசிகள் காற்றின் நைட்ரஜனை மரத்துக்கு ஈட்டித் தருகின்றன. ஆண் கூம்புகள் மருந்துக்காக வெட்டப்படுகின்றன. இனமோ அழியும் நிலையில் இருக்கிறது. கூம்பை அறுத்து வீட்டுக்குக் கொண்டுவருவது ஓவியருக்குத் தகாது. மரத்தடியில் உட்கார்ந்தே வரைய வேண்டும்.

விதை மூடாத் தாவரங்களைப் பற்றிய மாபெரும் கண்டுபிடிப்பு ஒன்று ஓவியர் ஒருவருடையது. டோக்கியோ பல்கலைக்கழகத் தாவரவியல் துறையில் படம் வரையும் பணியில் சேர்ந்த சகுகோரோ ஹிராசே, ஜின்கோ சூல்களைச் சீவி நுண்ணோக்கியில் பார்த்து, அவற்றுக்குள் நீந்தும் விந்தணுக்கள் இருப்பதை 1896-இல் அறிவித்தார். அதே ஆண்டில் செய்ச்சிரோ இகெனோ சைகஸிலும் அதைக் கண்டார். ஜின்கோவில் மகரந்தம் சேர்வது வசந்த காலத்தில். கருவுறுவதோ இலையுதிர் காலம் நெருங்கும்போது. வசந்தத்தோடு நோட்டை மூடியவர் எவருக்கும் அந்தக் காட்சி கிடைத்திருக்காது. பைன் இன்னும் நிதானமானது: மகரந்தம் சேர்ந்து கருவுற ஏறத்தாழ ஓராண்டு ஆகும்.

பழக்கத்தால் கை தவறக்கூடிய இடங்களும் உண்டு. தென்னிந்தியக் காடுகளில் இயற்கையாக வளரும் கூம்பு மரமான நாகேயா வாலிச்சியானாவின் இலை ஊசியல்ல. அகன்றது, ஆனால் நடுநரம்பு இல்லாதது. நீட்டம் கொடியின் இலையில் பூக்கும் தாவரங்களைப் போல வலைநரம்பு ஓடும். நமீப் பாலைவனத்து வெல்விட்சியாவில் கிழிந்து குவிந்து கிடப்பவை அனைத்தும் வாழ்நாள் முழுதும் வளரும் இரண்டே இலைகள். அவற்றின் அடியைத் தேடிப் பிடித்துத்தான் கோடு தொடங்க வேண்டும்.

எந்தப் படமானாலும் இடமும் தேதியும் ஓரத்தில் இருக்கட்டும். சைகஸ் என்றால் ஆணா பெண்ணா என்பதையும் எழுதாமல் எந்த ஆய்வாளருக்கும் அனுப்ப வேண்டாம்.