அஸ்பெஸ்டோஸ் கூரைக்குக் கீழே எதைப் போடலாம்?

கச்சான் காற்று கிளம்பிவிட்டால் திருகோணமலையில் கூரைப் பேச்சும் கிளம்பிவிடும். வெயில் 35 பாகையைத் தாண்டும் நாட்களில் அஸ்பெஸ்டோஸ் ஷீட்டுக்குக் கீழே ஃபேன் போட்டால் சுடுகாற்றுத்தான் இறங்கும். உடனே ஹார்ட்வெயார் கடைக்கு ஓட்டம். "சீலிங்குக்கு மேல போட என்ன இருக்கு?" என்றால் கடைக்காரர் ரிஜிபோம், கிளாஸ்வூல், ஃபோயில் மூன்றையும் எடுத்து வைப்பார். விலையை ஒப்பிட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்டும்போது, கூடவே இருந்து வாழும்போது, தீப்பிடிக்கும்போது, கழித்துப் போடும்போது அந்தப் பொருள் என்ன செய்யும் என்பதையே ஒப்பிட வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பலர் இடறுவது அதில்தான்.

புதிய பொருள் எவ்வளவு நல்லதானாலும் அது போய்ச் சேரும் இடம் பழைய அஸ்பெஸ்டோஸ் ஷீட்டின் அடிவயிறு. இலங்கை 1987இல் நீல அஸ்பெஸ்டோஸைத் தடை செய்தது. கூரை ஷீட்டுகளில் இருக்கும் வெள்ளை அஸ்பெஸ்டோஸ் தப்பிவிட்டது. அதையும் 2018இலிருந்து நிறுத்தப்போவதாக அரசு அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததாகச் சொல்லி ரஷ்யா இலங்கைத் தேயிலையை நிறுத்தியது. வெள்ளை அஸ்பெஸ்டோஸை ஏராளமாக விற்கும் நாடும் ரஷ்யாதான். அந்த நெருக்கடியில் கொழும்பு அஸ்பெஸ்டோஸ் தடையைத் தள்ளிவைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் நீலம், வெள்ளை என்று பிரிக்காமல் எல்லா அஸ்பெஸ்டோஸையும் புற்றுநோய் உண்டாக்கும் முதல் வகுப்பில் வைத்திருக்கிறது.

முழுசாகக் கிடக்கும் ஷீட் பெரிதாக நார் உதிர்க்காது. துளைத்தால், வாளால் அறுத்தால், சுரண்டினால் உதிரும். வெள்ளைப் பெயின்ட் அடித்தால் வெப்பம் குறையும் என்று கேட்டவர்கள் முதலில் செய்வது, மாரி மழையில் படிந்த பாசியைக் கம்பி பிரஷால் தேய்ப்பது. இன்னும் சிலர் வாகனம் கழுவும் பிரஷர் மெஷினை ஏற்றுகிறார்கள். இரண்டும் நாரைக் கிளப்பி முற்றத்திலும் கிணற்றடியிலும் இறக்கும் வேலை. பாசிக்கொல்லித் திரவத்தை மெல்லத் தெளித்துவிட்டு, செத்த பாசியை மழையிடம் விடலாம். ஷீட் பழையதென்றால் மேலே ஏறவே கூடாது. அது காலுக்குக் கீழே சொல்லாமல் உடையும். பெயின்ட் ஆசையை விட்டுவிட்டு எல்லா வேலையையும் உள்ளிருந்தே முடிப்பது நல்லது.

உள்ளே சீலிங் சட்டத்தைக் கைமரத்திலோ சுவரிலோ தொங்கவிட வேண்டும். ஷீட்டில் ஒரு துளைகூட வேண்டாம். வளைகளில் படிந்த தூசியைத் தும்புத்தடியால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து, துணியை இரட்டைப் பொலித்தீன் பைக்குள் கட்ட வேண்டும். சாதாரண வேக்குவம் கிளீனர் நாரைப் பிடிக்காது, அறைக்குள் திருப்பி ஊதும். கொரோனா காலத்து நீல மாஸ்க்கும் இதற்கு உதவாது. எஃப்எஃப்பி3 தர மாஸ்க் வேண்டும். நோய் உடனே வராததால்தான் மாஸ்க் என்றால் மேசன்மார் சிரிக்கிறார்கள். 1957 வரை திருகோணமலைத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் நீராவிக் குழாய்களில் சுற்றியிருந்ததும் அஸ்பெஸ்டோஸ்தான். பிளிமத்தின் டெவன்போர்ட் தளத்தில் அதைக் கையாண்ட தொழிலாளர் பலருக்கு நுரையீரல் நோய் வெளிப்பட்டது பத்தாண்டுகள் பல கடந்த பிறகு.

இனிப் பொருட்கள். ரிஜிபோம் வேண்டாம். மலிவு, இலேசு என்பதெல்லாம் சரி. தீப்பிடித்தால் உருகிச் சொட்டி எரியும், கரும்புகை கக்கும். அதில் தீத்தடுப்பாகக் கலக்கப்பட்டுவந்த எச்பிசிடி என்ற இரசாயனத்தை 2013இல் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது: பிவிசி வயர் ரிஜிபோமைத் தொட்டுக்கொண்டே கிடந்தால் வயரை இளக்கமாக வைத்திருக்கும் எண்ணெய் போமுக்குள் இறங்கிவிடும். சில வருடத்தில் வயரின் தோல் விறைத்து வெடிக்கும். அறுக்கும்போது உதிரும் மணிகள் கானோடு போய்க் கொட்டியாரக் குடாவில் சேரும்.

கிளாஸ்வூலைக் கண்டு பயப்படுகிறவர்கள் அதை அஸ்பெஸ்டோஸோடு குழப்பிக்கொள்கிறார்கள். 1988இல் அதன்மேல் விழுந்த புற்றுநோய்ச் சந்தேகத்தை அதே புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2001இல் மறுஆய்வு செய்து, புற்றுநோய் உண்டாக்கும் என்று வகைப்படுத்த முடியாதவற்றின் குழுவுக்கு மாற்றியது. வெட்டுகிறவருக்குக் கை அரிக்கும், தொண்டை கரகரக்கும். நீளக்கை சட்டையும் மாஸ்க்கும் போதும். எரியாது. ஆனால் மழை ஒழுக்கில் நனைந்தால் தொங்கிப்போய்ப் பயனற்றதாகும். ஆகவே ஒழுக்கை அடைத்த பிறகே விரிக்க வேண்டும்.

தென்னந்தும்புப் பலகை மண்ணுக்கு நல்லது. கடலோர ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், தீக்கும் தோற்கும். காய்ந்த, காற்றோட்டமான வீடென்றால் மட்டும் யோசிக்கலாம்.

இந்த ஊருக்கு முதலிடம் ஃபோயிலுக்கே. கூரை கீழே அனுப்புவது பெரும்பாலும் கதிர்வெப்பம்; பளபளப்பான அலுமினியத்துக்கு அதை உள்ளே விடாமல் தடுக்கும் குணம் உண்டு. பளபளப்பு கீழ்ப்பக்கம் பார்க்க வேண்டும், அதற்கடியில் ஓர் அங்குலமாவது காற்றிடை விட வேண்டும். மேல்நோக்கி வைத்தால் தூசி படிந்து அந்தக் குணம் போய்விடும். வாங்குமுன் ஒரு சிறு துண்டை வெளியே கொண்டுபோய்த் தீக்குச்சி வைத்துப் பார்க்கலாம். குபீரென்று பற்றினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

ஃபோயிலின் ஆபத்து மின்சாரம். ஆஸ்திரேலிய அரசு 2009இல் தொடங்கிய கூரைக் காப்புத் திட்டத்தில் இளம் தொழிலாளர் நால்வர் இறந்தார்கள். மூவர் மின்சாரம் தாக்கி. உலோக ஸ்டேப்பிள் வயரைத் துளைத்தால் ஃபோயில் முழுதும் மின்சாரம் பாயும். மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுத்தான் ஏற வேண்டும். ஸ்டேப்பிளுக்குப் பதில் நைலோன் கயிறு.

சீலிங் பலகை வாங்கும்போது "அஸ்பெஸ்டோஸ் இல்லாதது" என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தட்டை ஷீட்டிலும் அஸ்பெஸ்டோஸ் வருவதுண்டு. உடைந்த பழைய துண்டுகளை ஒழுங்கைப் பள்ளம் நிரப்பக் கொட்டாமல், நனைத்து, இரட்டைப் பொலித்தீனில் சுற்றி, மாநகரசபையிடமோ பிரதேச சபையிடமோ கேட்டு ஒப்படைக்க வேண்டும். கடைசியாக, முகட்டுச் சுவரின் காற்றுத் துவாரங்களுக்குக் கம்பிவலை. அதை மறந்தால் விரித்த கிளாஸ்வூலில் மரநாய் குட்டி போடும்.